காரைப் பார்க்க மெக்கானிக், கடனைப் பார்க்க யார்?

ராஜபாளையத்தில் ஒருவர் பழைய கார் வாங்கப் போகிறார் என்றால் தனியாகப் போகமாட்டார். கூடவே ஒரு மெக்கானிக் போவார். விலை பேசத் தெரிந்த சொந்தக்காரர் ஒருவர் போவார். சும்மா வேடிக்கை பார்க்க ஒரு நண்பரும் தொற்றிக்கொள்வார். மெக்கானிக் பானெட்டைத் திறப்பார், ஆயில் மூடியைக் கழற்றிப் புகை வருகிறதா என்று பார்ப்பார், மேட்டைத் தூக்கித் துரு இருக்கிறதா என்று தடவுவார். எங்காவது டிங்கரிங் செய்த தடம் தெரிந்தால் உதட்டைப் பிதுக்குவார். அவ்வளவுதான், விலையில் பத்தாயிரம் குறையும்.

அதே ஆள் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் நாளில் மட்டும் தனியாகப் போவார். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். என்ன எழுதியிருந்தது என்று கேட்டால், "மாசம் ஒம்பதாயிரம் கட்டணும்" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லத் தெரியாது.

காரில் ஏமாந்தால் நஷ்டம் பத்து, இருபதாயிரம். கடனில் ஏமாந்தால்? அதைத்தான் இந்தக் கட்டுரை கணக்குப் போட்டுப் பார்க்கிறது.

அவருக்கு ஏன் கார்?

இது ஒரு குடும்பத்தின் கதை. பெயர் வேண்டாம், "அவர்" என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீடு ராஜபாளையம். தொழில் பக்கத்தில் இருக்கும் சத்திரப்பட்டியில், சில விசைத்தறிகள். ஆஸ்பத்திரியில் புண்ணுக்குச் சுற்றுகிறார்களே, அந்த பேண்டேஜ் துணி நெய்கிற தறிகள். வருமானம் உண்டு. ஆனால் சம்பளச் சீட்டு கிடையாது. ஒரு மாதம் நன்றாக ஓடும், அடுத்த மாதம் நூல் விலை ஏறினால் தறி பாதி நேரம் சும்மா நிற்கும்.

அவருடைய அம்மாவுக்குச் சர்க்கரை. கால், கண் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டது. மாதம் இரண்டு மூன்று முறை மதுரைக்குப் போக வேண்டும். 80 கிலோமீட்டருக்கு மேல். பஸ்ஸில் ஏறி இறங்க அம்மாவால் முடியாது. வாடகைக் கார் பிடித்தால் டிரைவர் பேட்டாவோடு சேர்த்து ஒரு தடவைக்கு 3,000 ரூபாய் ஆகிறது.

அதுகூடப் பரவாயில்லை. ஒரு நாள் நடுராத்திரி ஒரு மணிக்கு அம்மாவுக்குக் காய்ச்சலும் நடுக்கமும் வந்துவிட்டது. தெரிந்த மூன்று டிரைவர்களுக்கு போன் போட்டார். மூவருமே எடுக்கவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி, அவருடைய காரில் கொண்டுபோனார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது முடிவு செய்ததுதான் இந்தக் கார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓய்வு பெற்ற ஒருவர் தன் வேகன் ஆர் காரை விற்கிறார் என்று ஒரு புரோக்கர் மூலம் தகவல் வந்தது. 2018 மாடல், டிஎன் 84 வண்டி. டிஎன் 84 என்பது ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் எண். மெக்கானிக் பார்த்தார். இன்ஜின் நன்றாக இருக்கிறது, நாலு டயரும் போய்விட்டன என்றார். 3,65,000 சொன்னவர் 3,50,000-க்கு இறங்கி வந்தார். மகிழ்ச்சி!

கடனுக்கும் புரோக்கரே ஏற்பாடு செய்திருந்தார்.

"ரெண்டரை லட்சம் ஃபைனான்ஸ் வாங்கிரலாம் அண்ணாச்சி. மூணு வருசம். வட்டி வெறும் பத்து பெர்சென்ட்டு. பேங்குல போனீங்கன்னா பதினாலு சொல்லுவான், அதுக்கும் நூறு பேப்பர் கேப்பான். இங்க ஆதாரும் ரெண்டு செக்கும் போதும். நாளைக்கே வண்டிய எடுத்துரலாம்."

பத்து எங்கே, பதினாலு எங்கே! யாராக இருந்தாலும் பத்துக்குத்தான் தலையாட்டுவார்கள். அவரும் ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

ஒரு மகளிர் குழு நோட்டு

அவருடைய மனைவி பிளஸ் டூ வரை படித்தவர். தெருவில் இருக்கும் மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கு நோட்டு அவரிடம்தான். தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989-ல் தர்மபுரியில் தொடங்கி மெல்ல எல்லா மாவட்டங்களுக்கும் பரவியவை. சேமிப்பு, கடன் என்று சொல்கிறோம். இத்தனை லட்சம் பெண்களுக்கு அவை பேரேடு எழுதக் கற்றுக்கொடுத்தது பலருக்குத் தெரியாது.

அந்தக் குழுவில் ஒரு பெண் 10,000 கடன் வாங்கினால், முதல் மாதம் 10,000-க்கு வட்டி. 1,000 திருப்பிக் கட்டிவிட்டால் அடுத்த மாதம் 9,000-க்குத்தான் வட்டி. மீதி இருப்பதற்கு வட்டி. இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள்.

கணவர் சொன்ன கணக்கை அவர் நோட்டில் எழுதினார். 2,50,000 ரூபாய். வருடத்துக்கு 10 சதவீதம் என்றால் 25,000. மூன்று வருடத்துக்கு 75,000. ஆக மொத்தம் 3,25,000. அதை 36-ஆல் வகுத்தால் மாதம் 9,028 ரூபாய். புரோக்கர் சொன்ன டியூவும் அதுதான். கணக்கு சரி.

ஆனால் அவர் பேனாவை வைக்கவில்லை.

"ஏங்க, மொத மாசம் ரெண்டரை லட்சமும் நம்ம கையில இருக்கு. வட்டி போடுறான், சரி. கடைசி மாசம் நம்ம பாக்கி ஒம்பதாயிரம்கூட இருக்காது. அப்பவும் ரெண்டரை லட்சத்துக்கு உள்ள வட்டியவே போடுறானே? நாம திருப்பிக் கட்டுன காசுக்கு எதுக்குங்க வட்டி?"

அவருக்குப் பதில் தெரியவில்லை. புரோக்கருக்கு போன் போட்டார். "அது அப்பிடித்தான் அண்ணாச்சி, ஃப்ளாட் ரேட்டு" என்று பதில் வந்தது.

ஃப்ளாட் ரேட்! இந்த இரண்டு சொற்களுக்குள்தான் எல்லாமே இருக்கிறது.

பத்து பெரிதா, பதினாலு பெரிதா?

பி.காம் படிக்கிறவர்களுக்கு இது கொஞ்சம் பழகிய விஷயம். தேய்மானக் கணக்கில் இரண்டு முறைகள் உண்டு. நேர்க்கோட்டு முறையில் ஒவ்வொரு வருடமும் முதலில் வாங்கிய விலையின்மீதே தேய்மானம் போடுவார்கள். குறைந்து செல் மதிப்பு முறையில் மீதி இருக்கும் மதிப்பின்மீது மட்டும். வட்டிக்கும் அதே இரண்டு வழிகள். ஃப்ளாட் ரேட்டில் முதலில் வாங்கிய தொகைக்கே கடைசி வரை வட்டி. வங்கி சொல்லும் ரேட்டில் மாதாமாதம் மீதி இருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி.

வேடிக்கை என்னவென்றால், காரின் மதிப்பு வருடா வருடம் குறைந்துகொண்டே போகும். கடனும் குறைந்துகொண்டே போகும். ஃப்ளாட் ரேட்டில் வட்டி மட்டும் அசையாமல் நின்ற இடத்திலேயே நிற்கும்!

இப்போது அதே 2,50,000, அதே 36 மாதம், வங்கி சொல்லும் 14 சதவீதம். முதல் மாத வட்டி 2,917 ரூபாய். ஃப்ளாட்டில் மாத வட்டி 2,083 தானே, இது கூடுதல் ஆயிற்றே என்று தோன்றும். ஆனால் அடுத்த மாதமே குறையத் தொடங்கும். மாதத் தவணை 8,544 ரூபாய். மூன்று வருடத்தில் கட்டும் மொத்த வட்டி ஏறக்குறைய 57,600.

பத்து சதவீதக் கடனுக்கு வட்டி 75,000. பதினாலு சதவீதக் கடனுக்கு 57,600. பத்துதான் பெரியது! வித்தியாசம் 17,400 ரூபாய். நாலு புது டயரும் பேட்டரியும் போட்டுவிடலாம்.

அந்த 10 சதவீத ஃப்ளாட் ரேட்டை வங்கிக் கணக்குக்கு மாற்றினால் எவ்வளவு? ஏறக்குறைய 17.9 சதவீதம். கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் எக்செலில் ரேட் என்ற ஃபங்ஷனில் 36, மைனஸ் 9028, 250000 என்று மூன்று எண்களைக் கொடுத்து, வருகிற விடையை 12-ஆல் பெருக்கிப் பாருங்கள். கம்ப்யூட்டர் இல்லை என்றால் ஒரு குறுக்குவழி: மூன்று வருடக் கடனுக்கு ஃப்ளாட் ரேட்டை ஏறக்குறைய 1.8-ஆல் பெருக்கினால் உண்மையான ரேட் வந்துவிடும்.

நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் இன்னும் நன்றாகப் புரியும். இங்கே யாரும் வட்டியை வருடக் கணக்கில் சொல்வதில்லை. ஒரு வட்டி, ஒண்ணரை வட்டி, ரெண்டு வட்டி என்பார்கள். நூறு ரூபாய்க்கு மாதம் இத்தனை ரூபாய் என்று அர்த்தம். வருடத்துக்கு பத்து என்றால் மாதத்துக்கு 83 பைசா, ஒரு வட்டிக்கும் கீழே என்று மனசு சந்தோஷப்படும். உண்மையில் அது ஒண்ணரை வட்டி.

"ஒண்ணரை வட்டிக்கு வாங்குறதுன்னா வாங்குவோம். ஒண்ணரை வட்டின்னு தெரிஞ்சு வாங்குவோம்" என்றார் அந்த மனைவி.

கடன் கொடுக்கிறவர்கள் எல்லாம் கெட்டவர்களா?

இல்லை. அப்படி எழுதினால் அது பொய்யாகிவிடும்.

இந்தியாவில் வண்டிக்கடன் தொழிலில் பெரிய பெயர் எடுத்த கம்பெனிகள் பல சென்னையில் பிறந்தவைதான். 1954-ல் டி.எஸ். சந்தானம் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ், 1978-ல் முருகப்பா குழுமம் தொடங்கிய சோழமண்டலம், 1979-ல் ஆர். தியாகராஜன் முதலானோர் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ். இந்தக் கடைசிக் கம்பெனி பிடித்துக்கொண்டது பழைய லாரிகளை. வருமான வரிக் கணக்கும் இல்லாத, சொத்துப் பத்திரமும் இல்லாத டிரைவர் ஒருவர் பழைய லாரி வாங்கி முதலாளி ஆக வேண்டும் என்றால், வங்கி அவரை வாசலோடு அனுப்பிவிடும். அவரை நம்பிப் பணம் கொடுத்து, அதையே பெரிய தொழிலாகச் செய்தார்கள். 2022-ல் அது குழுமத்தின் மற்றக் கம்பெனிகளோடு இணைந்து ஸ்ரீராம் ஃபைனான்ஸ் ஆனது.

பேப்பர் இல்லாதவனுக்குக் கடன் கொடுப்பதில் ரிஸ்க் அதிகம். வட்டியும் அதிகம்தான் இருக்கும். அதில் தவறு இல்லை. அந்த அதிக வட்டியைக் குறைந்த வட்டி மாதிரிக் காட்டுவதுதான் தவறு.

பழைய நாளில் இதெல்லாம் வாடகைக் கொள்முதல் முறையில் நடந்தது. கடைசித் தவணை கட்டும் வரை வண்டிக்குச் சொந்தக்காரர் ஃபைனான்ஸ்காரர், ஓட்டுகிறவர் வாடகைக்காரர் மாதிரி. இதற்காக 1972-ல் ஒரு தனிச் சட்டமே இயற்றினார்கள். பரீட்சைக்குப் படித்தவர்கள் நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று: அந்தச் சட்டம் ஒரு நாள்கூட நடைமுறைக்கு வரவில்லை. 2005-ல் அதை ரத்தும் செய்துவிட்டார்கள்! இன்று பெரும்பாலும் ஹைப்பாதிகேஷன் முறைதான். வண்டி நம் பெயரில் இருக்கும், அதன்மீது கடன் கொடுத்தவருக்கு உரிமை இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 51-ஆம் பிரிவுப்படி அது ஆர்சியில் பதிவாகும். ஆனால் ஊர் வாயில் இன்றும் அது "ஹெச்பி"தான்.

ஒரு தாள் கேளுங்கள்

அந்தத் தம்பதி இரண்டு இடங்களிலும் விசாரித்தார்கள். ஃபைனான்ஸில் கேட்டதில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. பிராசஸிங் கட்டணம், டாக்குமெண்ட் செலவு என்று 7,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்களாம். கைக்கு வருவது 2,42,500. வட்டி மட்டும் 2,50,000-க்கு. இதையும் சேர்த்தால் 17.9 என்பது 20 சதவீதத்தைத் தாண்டுகிறது. பத்து என்று கேட்டுத் தலையாட்டிய கடன்!

இப்படிப்பட்ட குழப்பத்துக்காகவே ரிசர்வ் வங்கி ஒரு விதி கொண்டுவந்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்குக் கொடுக்கும் கடன்களுக்கு வங்கியும் சரி, ஃபைனான்ஸ் கம்பெனியும் சரி, முக்கிய விவரங்கள் அடங்கிய ஒரு தாளைக் கையெழுத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும். கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் கொடுக்க வேண்டும். எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து வருடத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்ற ஒரே எண் அதில் இருக்க வேண்டும். மாதாமாதம் எவ்வளவு வட்டி, எவ்வளவு அசல் என்ற பட்டியலும் வேண்டும். நம் மாதிரி மூன்று வருடக் கடனுக்கு, அந்தத் தாளைப் படித்து யோசிக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசமும் உண்டு. தாளில் சொல்லாத கட்டணத்தைப் பிறகு சம்மதம் இல்லாமல் வசூலிக்கக் கூடாது.

"நாளைக்கே வண்டிய எடுத்துரலாம்" என்கிறவரிடம் "அந்தத் தாளைக் கொடுங்க, மூணு நாள்ல வர்றோம்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகத்திலேயே பாதிப் பதில் தெரிந்துவிடும்.

தவணையைக் குறைக்கிறேன் என்று இன்னொரு ஆசையும் காட்டுவார்கள். "அஞ்சு வருசமாப் போட்டுரலாம், மாசம் ஆறாயிரத்து இருநூத்தம்பதுதான்." கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் வட்டி 75,000-லிருந்து 1,25,000 ஆகிவிடும். ஏற்கெனவே ஏழு வயதான வண்டி, கடன் முடியும்போது பன்னிரண்டு வயதில் நிற்கும். வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடக்க, டியூ மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

"இடையில காசு வந்தா மொத்தமா முடிச்சிருவேன்" என்பவர்களுக்கும் ஒரு கணக்கு. அந்த ஃப்ளாட் ரேட் கடனில் 18 மாதம் கட்டிவிட்டு முடிக்கப் போனால், பாதிதானே பாக்கி, 1,25,000 என்று நினைப்போம். வட்டிக் கணக்குப்படி பாக்கி அசல் 1,41,500-க்கு மேல் இருக்கும். அதற்கு மேல் முன்கூட்டியே முடிப்பதற்கு ஒரு கட்டணமும் கேட்கலாம். அதையும் தாளில் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வளையல்

வங்கியிலும் எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. இரண்டு வருட வருமான வரிக் கணக்கு கேட்டார்கள். நல்ல வேளை, ஆடிட்டர் நச்சரித்ததால் இரண்டு வருடமாகத் தாக்கல் செய்திருந்தார். ஒன்றுக்கும் உதவாத பேப்பர் என்று அவர் நினைத்திருந்தது அன்றைக்கு உதவியது.

வங்கியின் மதிப்பீட்டாளர் காரைப் பார்த்து 3,20,000 என்று மதிப்புப் போட்டார். முதல்முறை கடன் வாங்குகிறவர்கள் எல்லாருமே இடிக்கும் இடம் இது. நாம் பேசிய விலைக்கு வங்கி கடன் தராது, தான் போட்ட மதிப்பில் ஒரு பகுதிக்குத்தான் தரும். கிடைத்தது 2,50,000. மீதி 1,00,000 கையிலிருந்து போட வேண்டும். அதோடு இன்சூரன்ஸ், பெயர் மாற்றம், டயர். ஏலச்சீட்டு எடுத்த பணம் 80,000-தான் இருந்தது.

"வளையல வச்சிரலாமா?" என்று மெதுவாகக் கேட்டார் அவர்.

"வளையல் கார்க்குப் போகாது. அத்தைக்கு ஏதாச்சும்னா ஆஸ்பத்திரிக்குத்தான் போகும். அதுக்குத்தான் அது இருக்கு."

கடைசியில் ஓடாமல் கிடந்த ஒரு தறியை விற்றார்கள். விற்றபோது அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நெசவு செய்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

இதற்குள் அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "ஏய்யா, எனக்காகவா கடன் வாங்குற? நான் இன்னும் எத்தன நாளைக்கு?" என்று அழுதார். அவர் பதில் சொல்லவில்லை.

மனைவி மட்டும் அன்று ராத்திரி இன்னொரு கணக்குப் போட்டார். இந்தக் கணக்கை முதலிலேயே போட்டிருக்க வேண்டும், ஆனால் யாரும் போடுவதில்லை. தவணை 8,545, பெட்ரோல் 3,900, பராமரிப்பு 1,500, இன்சூரன்ஸ் மாதத்துக்கு 800. மொத்தம் 14,745. வாடகைக் காரிலேயே போய்வந்தால்? மதுரைக்கு மூன்று நடை 9,000, உள்ளூர் ஆட்டோ 1,000. மொத்தம் 10,000.

கணக்குப்படி வாடகைக் கார்தான் லாபம்! மூன்று வருடம் கழித்துக் கார் கையில் மிஞ்சும் என்பது உண்மைதான், ஆனால் அதுவரை மாதம் 4,750 ரூபாய் கூடுதல் செலவு.

நோட்டைக் கணவரிடம் காட்டினார். இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவர்தான் சொன்னார்: "அன்னிக்கு ராத்திரி ஒரு மணிக்கு மூணு பேரும் போன எடுக்கல." அந்த 4,750 எதற்கு என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. கார் வாங்குவது என்று அதற்குப் பிறகுதான் உண்மையில் முடிவானது.

ஸ்ரீவில்லிபுத்தூர் அலுவலகத்தில்

இனி எல்லாம் சுபம் என்று நினைத்தால், ஆர்சியில் ஒரு சிக்கல். அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தபோது, பழைய ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் அப்படியே இருந்தது. விற்கிறவர் பதறிவிட்டார். "நான் 2022-லயே முடிச்சிட்டேனே தம்பி, என்ஓசிகூட வீட்ல இருக்கு!"

அதுதான் பிரச்சினை. கடைசி டியூ கட்டினால் மட்டும் போதாது. கடன் கொடுத்தவர் கையெழுத்திட்ட ஃபாரம் 35-ஐ ஆர்டிஓ அலுவலகத்தில் கொடுத்தால்தான் ஹெச்பி நீங்கும். அவர் என்ஓசியை வாங்கி பீரோவில் வைத்ததோடு சரி. மூன்று வருடமாக அது பழுத்துப்போயிருந்தது. புதுசாக வாங்கி வர மூன்று வாரம் ஆனது.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், காசக் குடுத்துட்டு வண்டிய எடுங்க" என்றார் புரோக்கர். வங்கியோ ஹெச்பி நீங்காமல் ஒரு ரூபாய்கூடத் தரமுடியாது என்றது. நூறு பேப்பர் கேட்ட அதே வங்கிதான் இந்த இடத்தில் காப்பாற்றியது.

பிறகு வேலை வரிசையாக நடந்தது. ஃபாரம் 35-ல் பழைய ஹெச்பி நீக்கம், ஃபாரம் 29-ம் 30-ம் கொடுத்துப் பெயர் மாற்றம், ஃபாரம் 34-ல் புது வங்கியின் பெயர். வண்டியும் டிஎன் 84, வாங்குகிறவரும் டிஎன் 84 எல்லைக்குள் என்பதால் வேறு அலுவலகத்தின் தடையில்லாச் சான்று தேவைப்படவில்லை. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற எழுதிக்கொடுத்தார். பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடே போய்விடும், வண்டியோடு வராது. அதனால் பிரீமியம் கொஞ்சம் கூடியது.

பெயர் மாற்றம் என்பது வாங்குகிறவர் கவலை மட்டும் இல்லை. ஃபாரத்தில் தேதி போடாமல் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு வண்டி நாலு கை மாறுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. அப்படி மாறிய வண்டி விபத்தில் சிக்கினால், ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. விற்றவர் வீட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார், நஷ்ட ஈட்டு நோட்டீஸ் அவர் வாசலுக்கு வரும்.

டியூ தவறினால்?

இதையும் அந்த மனைவி கையெழுத்துக்கு முன்பே கேட்டார். கேட்க வெட்கப்படத் தேவையில்லை. 2024 ஏப்ரல் முதல் புதிய கடன்களில் அபராதத்தை வட்டியாக ஏற்றி, அதற்கும் வட்டி போடக் கூடாது, தனிக் கட்டணமாகத்தான் போடலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. வசூல் செய்கிறவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் போன் செய்து தொல்லை கொடுக்கக் கூடாது. அடியாள் வைத்து வண்டியைப் பிடுங்குவதை உச்ச நீதிமன்றம் 2007-லேயே ஒரு வாகனக் கடன் வழக்கில் கடுமையாகக் கண்டித்திருக்கிறது.

ஆனாலும் விதி இருக்கிறது என்பதற்காக யாரும் தைரியமாக டியூவைத் தவறவிட வேண்டாம். தறி நிற்கிற மாதங்களுக்காக அவர்கள் மூன்று மாதத் தவணையைத் தனியாகச் சேமித்து, அதைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டார்கள்.

கார் வந்த முதல் வாரமே மதுரைக்குப் போகவேண்டியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டும்போது அம்மா ஆண்டாள் கோவில் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார். திரும்பி வரும்போது பால்கோவா வாங்கினார்கள். அம்மாவுக்கு மட்டும் இல்லை, சர்க்கரை!

இப்போது மாதம் 8,545 போய்க்கொண்டிருக்கிறது. குழு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த மனைவி 36 கட்டங்கள் வரைந்து, கட்டிய மாதங்களை அடித்துக்கொண்டு வருகிறார். ஒவ்வொரு கட்டத்திலும் மீதி அசல் எவ்வளவு என்று எழுதியிருக்கிறார். முப்பத்தாறாவது கட்டத்துக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு வரி இருக்கிறது: "என்ஓசியை பீரோவில் வைக்காதே. ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஃபாரம் 35 கொடு."

அடுத்து பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் மெக்கானிக்கைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். கடன் பேசப் போகும்போது, வீட்டில் நோட்டு எழுதத் தெரிந்தவர் யாரோ அவரையும் கூட்டிப் போங்கள்.